பிள்ளைக்காம்பரா சுவரில் ஆடிய ரதி

என் தம்பி மாயாண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவன் கையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் அப்படித் தொடங்க மாட்டேன். அவன் காலிலிருந்துதான் சொல்லுவேன். கை பிறகு வந்த கதை. கால் அவன் பிறந்தபோதே இருந்தது.

நடக்கத் தொடங்கிய வயதிலிருந்தே அவனுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு, அந்தக் காலிலிருந்து இந்தக் காலுக்கு என்று உடம்பை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பான். அரிசி வாங்க வரிசையில் நிறுத்தினால் பின்னால் நிற்கிறவர்களுக்குத் தலை சுற்றும். "ஆணி அடிச்சு நிக்கவெச்சாத்தான் இவன் நிப்பான்" என்று அம்மா திட்டுவாள். திட்டிவிட்டுச் சிரிப்பாள்.

எங்கள் தோட்டத்துக்கு வர வேண்டுமானால் பொகவந்தலாவையிலிருந்து இன்னும் மேலே ஏற வேண்டும். பஸ் ஒரு முடக்கில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து தேயிலைக்குள் நடை. கீழே தேயிலைப் பெக்டரி, மேலே நாங்கள் குடியிருக்கும் லயங்கள், நடுவில் பிள்ளைக்காம்பரா. மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை நாங்கள் விட்டுவிட்டுப் போகிற கட்டடம் அது. சுண்ணாம்பு அடித்த அதன் நீளச் சுவருக்கு முன்னால் ஒரு பொட்டல். மாசி மாதம் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவது அந்தப் பொட்டலில்தான். அந்தச் சுவரை மறந்துவிட வேண்டாம். பின்னால் வரும்.

மாயாண்டி வளர்ந்ததும் அவனைப் பெக்டரியில் ரோலருக்குப் போட்டார்கள். ரோலரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கீழே வட்டமான பெரிய மேசை. அதன்மேல் அடியில்லாத அண்டா ஒன்று. மாடியில் வாடவைத்த கொழுந்தை மேலேயிருந்து கொட்டினால், அந்த அண்டா மேசைமேல் சுற்றிச் சுற்றி வந்து கொழுந்தைப் பிசைந்து முறுக்கும். ஆட்டுக்கல்லை நின்ற நிலையில் ஒரு பூதம் ஆட்டுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுற்றுக்குப் பக்கத்தில் இவன் நின்றான். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா? கொஞ்ச நாளில் அண்டா சுற்றுகிற மாதிரியே இவன் இடுப்பும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கால் மாறும், இடுப்பு சுற்றும், தோள் பின்னால் வரும்.

"ஒன்னாம் நம்பர் ரோலரு, ரெண்டாம் நம்பர் ரோலரு, மூனாம் நம்பரு மாயாண்டி" என்று தேயிலைத் தூள் சலிக்கிற சலிப்பு அறையில் வேலை செய்யும் ராக்காயி சொல்லுவாள். அவள் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எனக்கும் அப்படித்தான். படுத்த பிறகும் என் விரல் கொழுந்து எடுத்துக்கொண்டேயிருக்கும். வேலை உடம்புக்குள் போய்க் குடியிருந்துவிட்டால் வெளியே போகச் சொல்ல முடியாது. எனக்கு அது விரலோடு நின்றது. இவன் அதைக் கூத்துக்குக் கொண்டுபோனான்.

காமன் கூத்தில் ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம் நடக்கும். மதன் சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போய் எரிந்து சாம்பலாவான். ரதி அழுது மடியேந்தி அவன் உயிரைத் திரும்பக் கேட்பாள். எங்களுக்கு அது வேடிக்கை இல்லை. கம்பம் ஊன்றிவிட்டால் லயத்தில் மீன், கருவாடு கிடையாது. எரிந்தவனை எழுப்புகிறவரைக்கும் ஒரு கல்யாணப் பேச்சுக்கூட எடுக்க மாட்டோம். ரதியாக ஆடுவதும் ஆண்பிள்ளைதான். தொண்ணூறாம் வருசத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்து ரதி மாயாண்டி. அழுகிற இடத்தில் மற்றத் தோட்டத்து ரதிகள் மாரில் அடித்துக்கொண்டு ஓடுவார்கள். இவன் ஓட மாட்டான். சாம்பலுக்குப் பக்கத்தில் நின்ற இடத்திலேயே ரோலர் மாதிரிச் சுற்றுவான். மெதுவாகத் தொடங்கும். பிறகு ஏறும். துக்கம் ஒரு ஆளைப் பிடித்துப் பிசைவது போலவே இருக்கும்.

கூத்துப் பழக்குகிற கந்தப்பன் வாத்தியாருக்கு அது பிடிக்கவில்லை. "ஏண்டா, ரதி அழுவுறாளா, மாவாட்டுறாளா?" என்று கேட்டார். ஆனால் பொட்டலில் நின்ற பெண்கள் எல்லோரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதை அவரும் பார்த்தார். 

இனிக் கைக்கு வருகிறேன். 1997, ஐப்பசி மழை. கொழுந்து தண்ணீரோடு வந்து, ஒழுங்காக வாடாமல் ரோலருக்கு இறங்கியது. ஈரக் கொழுந்து மேசை விளிம்பில் அடைத்துக்கொள்ளும். மெசினை நிறுத்திவிட்டுத்தான் அதை எடுக்க வேண்டும். மாயாண்டி நிறுத்துவதில்லை. அண்டா அந்தப் பக்கம் போகும்போது கையை விட்டு, இந்தப் பக்கம் வருவதற்குள் எடுத்துவிடுவான். எத்தனையோ தடவை எடுத்திருக்கிறான். அன்று ஈரத்தில் பெல்ட் வழுக்கியது. மெசின் ஒரு கணம் தயங்கிவிட்டுப் பிறகு எகிறியது. அவன் கை எப்போதும் போகிற தாளத்தில் போனது. வலது கையில் கட்டைவிரலும் அதற்கடுத்த விரலும்தான் மிஞ்சின.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்: "நான் சரியாத்தாங்கா இருந்தேன். அதுதான் தாளம் தப்பிருச்சு."

காயம் ஆறிய பிறகு, மாசிக்கு முன்னால், கந்தப்பன் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"மாயாண்டி, நீயி கோவிச்சுக்கக் கூடாது. கொறபட்ட ஒடம்புல அரிதாரம் பூச எனக்கு மனசு வரல. எங்க வாத்தியாரு எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. நாளைக்குத் தோட்டத்துல ஒரு நோவு நொடின்னா, என்னையத்தான கேப்பாங்க?"

வேறு தோட்டங்களில் எப்படியோ, எனக்குத் தெரியாது. இது அவர் பிடித்த பிடி. நான் சண்டைக்குப் போனேன். மாயாண்டி என்னைத் தடுத்துவிட்டான். "சரிங்க வாத்தியாரே" என்று மட்டும் சொன்னான்.

அன்றிலிருந்து அவன் வலது கை ஒரு துண்டுக்குள் போய்விட்டது. பெக்டரியில் அவனைச் சலிப்பு அறைக்குப் பெண்களோடு மாற்றினார்கள். அவன் பெக்டரியை நடத்துகிற டீமேக்கரிடம் கெஞ்சி மறுபடியும் ரோலருக்கே போனான். "தின்ன மெசினுகிட்டயே திரும்பப் போறியேடா" என்று கேட்டேன். "அது சுத்துறப்பத்தாங்கா எனக்கு மூச்சு வருது" என்றான். வீட்டில் சோறு தின்பதை விட்டுவிட்டான். இரண்டு விரலில் சோறு நிற்காது, வழியும். அவன் பெண்சாதி நாகலெட்சுமி ஒன்றும் கேட்காமல் மூன்று வேளையும் ரொட்டி சுட ஆரம்பித்தாள். அதையும் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் தின்பான்.

மாசி பிறந்ததும் ஹட்டனுக்குப் போய் ரயில் ஏறி, றொசல்லையில் மாமியார் வீட்டுக்குப் போய்விடுவான். கூத்துக்கு அடிக்கிற தப்பு மேளச் சத்தம் காதில் விழக்கூடாது என்றுதான். எல்லாம் அடங்கிய பிறகு வருவான். இன்னொரு தடவை ரதியாக ஆடவேண்டும் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் தெரியாதா? தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான்.

அப்படியே வருசங்கள் போயின. யுத்தத்தை நிறுத்திச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், 2003 கடைசியில், சிவதர்சினி வந்தாள். அவள் அப்பா துரைராசா மாஸ்டர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். சின்ன வயதில் அவள் எங்கள் லயத்து வாசலில் பாண்டி விளையாடியிருக்கிறாள். இப்போது கொழும்பில் படம் சம்பந்தமான படிப்பு. கையில் ஒரு சின்ன வீடியோ கெமரா. தோட்டத்தை நடத்துகிற துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நேரே லயத்தில் என் காம்பராவுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"படத்துல கதாநாயகன் யாரு புள்ள?" என்று கேட்டேன்.

"அப்பிடி ஒருத்தரும் இல்லை அம்மா."

"பாட்டு?"

"இல்லை. மெசின்ரை சத்தம் மட்டும்தான்."

"சண்டையாவது இருக்கா?"

"அதுவும் இல்லை."

"அப்ப என்னாத்தத்தான் எடுக்கப் போற?"

அவள் யோசித்துச் சொன்னாள்: "மனுசற்றை உடம்பும் மெசினும் ஒண்டோடை ஒண்டு எப்பிடிப் பழகுது எண்டு பாக்கப் போறன். ஆர் ஆரை ஆட்டுகினம் எண்டு. கொழும்பிலை ஒரு வெறும் அறையிலை, சுவர் முழுக்க அந்த அசைவு திரும்பத் திரும்ப ஓடும். சனம் வந்து நிண்டு பாத்திட்டுப் போகும்."

"அதுக்கு எதுக்குப் படம்? எந் தோள்பட்டையத் தொட்டுப் பாரு, தெரியும்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். எழுந்துவந்து உண்மையாகவே தொட்டுப் பார்த்தாள். கூடைக் கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன என் நெற்றியையும் தடவிப் பார்த்தாள். அதோடு அவளை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். எங்கள் ஆளை எடுத்தால், எங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் கொழும்புச் சுவரில் காட்ட வேண்டும். சரி என்றாள்.

முதலில் மலையில் என் கை கொழுந்து எடுப்பதை எடுத்தாள். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு பெக்டரிக்குப் போய் ரோலரைச் சுற்றிச் சுற்றி எடுத்தாள். பெல்ட்டை எடுத்தாள். கொழுந்து விழுவதை எடுத்தாள். பிறகு மாயாண்டியைக் கண்டாள். கண்டதும் கெமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்தாள். அது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, அவன் காலை எடுக்க ஆரம்பித்தாள்.

"அண்ணை, நான் இருக்கிறதை மறந்திட்டு வேலையைச் செய்யுங்கோ."

"எப்படிங்க மிஸ் மறக்குறது? நாய்க்குட்டி மாதிரி காலுகிட்டயே உக்காந்து இருக்கீங்க!"

அவள் சிரித்ததில் கெமரா ஆடிவிட்டது. கால், முழங்கால், இடுப்பு, முதுகு என்று ஏறிக்கொண்டே வந்தாள். பெண்கள் அவளிடம் ரதிக் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்கள். "ரதி எப்பிடி அழுவா அண்ணை?" என்று கேட்டாள்.  ரோலர் இரண்டு சுற்று வந்தது. மூன்றாவது சுற்றில் அவன் இடது கை மட்டும் தானாக எழுந்து, மடியேந்துகிற மாதிரி விரிந்து, இடுப்போடு ஒரு சுற்றுப் போய் அடங்கியது. அவ்வளவுதான். அவள் அதை எடுத்துவிட்டாள்.

"வலக் கையையும் ஒருக்கா எடுக்கட்டோ?"

அவன் துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டான்.

"அத வுடு புள்ள" என்றேன் நான். "இருக்குறத எடு."

அவள் அவனுடைய இடது பக்கம் போய் நின்றுகொண்டாள்.

படத்தோடு அவள் திரும்பி வந்தபோது மாசி பிறந்து, கம்பமும் ஊன்றியாகிவிட்டது. லீவு பிந்திக் கிடைத்த மாயாண்டி அன்றுதான் றொசல்லைக்குப் புறப்பட்டுப் பையோடு வாசலில் நின்றான். நான் பையைப் பிடுங்கி என் காம்பராவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

"படத்தப் பாத்துட்டுப் போடா. ஒன்னையத்தான காட்டப் போறா!"

"நாளைக்குக் காலையில போயிருவேங்கா. தடுக்கக் கூடாது."

"போ. யாரு வேணான்னா?"

அந்த வருசம் வாத்தியாருக்கு வேறு ஒரு கவலை. மாயாண்டிக்குப் பிறகு ரதியாக ஆடிக்கொண்டிருந்த பையன் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். வருகிறேன் என்றவன் வரவில்லை. கம்பம் ஊன்றிய பிறகு ரதி இல்லாமல் எப்படிக் கல்யாணம் நடத்துவது? மதன் வேசக்காரன் தனியாகவே ஆடிக்கொண்டிருந்தான். வாத்தியார் முகம் இருண்டு கிடந்தது.

வேலை விட்டு வந்து, முகம் கை கழுவி, எல்லோரும் பொட்டலில் கூடினோம். இருட்ட ஆரம்பித்தது. பிள்ளைக்காம்பரா சுவருக்கு நேரே சிவதர்சினி படம் காட்டுகிற ஒரு பெட்டியை வைத்து, கரண்ட் கொடுத்தாள். பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து வந்த வெளிச்சம் பனியில் தெரிந்தது, கையால் பிடிக்கலாம் போல.

முதலில் ரோலர் வந்தது. சுவர் அளவு ரோலர். பிறகு மாயாண்டியின் கால். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பிறகு கொழுந்து கீழேயிருந்து மேலே பறந்தது. முறுக்கின கொழுந்து விரிந்து பச்சையானது. நான் எடுத்த கொழுந்தை என் கையே திரும்பவும் செடியில் கொண்டுபோய் வைத்தது. "அடிப்பாவி, எம் நாள் பேரயும் சம்பளத்தயும் சேத்து அழிக்கிறாளே!" என்று நான் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு மாயாண்டியின் முழு உருவம் வந்தது. நேராக எங்களைப் பார்த்து நின்றது. இரண்டு கையையும் விரித்து மடியேந்தியது. இரண்டு கையிலும் எல்லா விரலும் இருந்தன.

சிரிப்பு அப்படியே நின்றது. நாகலெட்சுமி எழுந்தாள். யாரையும் பார்க்காமல் நடந்துபோய், சுவரில் தெரிந்த அந்த வலது கைமேல் தன் கையை வைத்தாள். சுவரில் இருந்த விரல்கள் அவள் புறங்கையில் விழுந்து அசைந்தன. அவள் கையை எடுக்கவேயில்லை.

"அது உண்மையான கை இல்லை அக்கா" என்று சிவதர்சினி பதறினாள். "நடுவிலை வெட்டி, இடப் பக்கத்தைக் கண்ணாடியிலை பாக்கிற மாதிரித் திருப்பி ஒட்டினது. மெசினையும் அப்பிடித்தான் செய்தனான். பாருங்கோ, மற்றப் பக்கத்திலையும் அதே ரோலர்."

யார் கேட்டார்கள்? கந்தப்பன் வாத்தியார் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கம்பத்தடியில் இருந்த தட்டை எடுத்து, சூடம் கொளுத்தி, சுவருக்கு முன்னால் போய் நின்றார்.

"வந்துருச்சு. ரதி வந்துருச்சு" என்றார்.  "ஆளு இல்லாம தவிச்சோம். கொறையில்லாத ஒடம்போட அதுவா வந்து நிக்கிது. இந்த வருசம் இதுதான் நமக்கு ரதி. தெனம் பொழுதுக்கும் இதப் போடணும். மதன் முன்னால ஆடட்டும்."

"ஐயா, அது நான் திருப்பிப் போட்டது!"

"சாமியும் எதையாவது திருப்பிப் போட்டுத்தான் வரும் தாயி. நீங்க பெட்டிய நிறுத்திராதீங்க."

வேறு ஊரில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் பொட்டலில் யாரும் சிரிக்கவில்லை. கம்பம் ஊன்றிய இடத்தில் வந்து நிற்பது எதுவானாலும் அது காரணமில்லாமல் வராது என்பது எங்கள் எண்ணம். பெண்கள் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து சுவரில் அந்த உருவத்தின் காலடியில் அப்பினார்கள். ஒருத்தி ரதியின் சிவப்புச் சேலையை எடுத்துவந்து சுவரோரம் மடித்து வைத்தாள். தப்பு அடிக்கிறவர்கள் எழுந்தார்கள்.

நான் மாயாண்டியைப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு வெளியே, கடைசியில், துண்டுக்குள் கையோடு நின்றிருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. தன் வீட்டுக்குள் வேறு யாரோ குடிவந்திருப்பதைப் பார்க்கிறவன் முகம் அது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். நான் சொல்வதை எழுதுகிறவர் இந்த இடத்தைக் குறைக்காமல் அப்படியே எழுத வேண்டும்.

மதன் வேசக்காரன் சுவருக்கு முன்னால் ஆடத் தொடங்கினான். அப்போது ராக்காயி தன் பூட்டில்லாத வாயைத் திறந்தாள்:

"ஏ மாயாண்டி! என்னாடா அது, சுத்தவே மாட்டேங்குது?"

எல்லோரும் பார்த்தோம். உண்மைதான். சுவரில் இருந்த உருவம் விரிந்தது, சுருங்கியது. இரண்டு தோளும் ஒன்றாக வெளியே போயின, ஒன்றாக உள்ளே வந்தன. இடுப்பு அகன்றது, ஒடுங்கியது. ஆள் சுற்றவில்லை. ரோலரும் சுற்றவில்லை. இரட்டைக் கதவு திறந்து மூடுவது போலிருந்தது.

மாயாண்டி சிரித்துவிட்டான். பொட்டலில் அவன் சிரித்துக் கேட்டு எத்தனையோ வருசமாயிற்று.

"ஆமா ராக்காயக்கா. அதுக்குக் கதவத் தொறந்து மூடத்தான் தெரியும்போல" என்றவன் சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். "வாத்தியாரே, அதால அழுவ முடியாதுங்க."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். வெளிச்சத்துக்குள் வந்ததும் அவன் சட்டைமேலேயே ரோலர் ஓடியது. முகத்தில் பாதிக்கு இன்னொரு மாயாண்டியின் முகம். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் நின்று, துண்டை உருவிக் கீழே போட்டான். வலது கையைத் தூக்கினான். குறைபட்ட அந்தக் கையின் நிழல், சுவரில் முழுதாக இருந்த கையின்மேல் கறுப்பாக, பெரிதாக விழுந்தது.

சிவதர்சினி பெட்டியை நிறுத்தப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் தப்புக்காகக் காத்திருக்கவில்லை. பெட்டியிலிருந்து ரோலர் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதைத்தான் கேட்டான். கால் மாறியது. இடுப்பு சுற்றியது. பழைய மாதிரி இல்லை. வலது பக்கம் வரும்போது உடம்பு கொஞ்சம் சாய்ந்து, பள்ளத்தில் இறங்கி ஏறுவது போல ஏறியது. முன்னைக்கு அந்தச் சாய்வு கிடையாது. எத்தனையோ வருசம் இரண்டு விரலோடு ரோலரைப் பிடித்து நின்று வந்த சாய்வு அது. சாம்பல் இல்லை, சேலை இல்லை. இடுப்பில் கட்டியிருந்த கட்டம் போட்ட சாரத்தோடு நின்று அழுதான். எல்லாம் இழந்தவள் நொண்டிக்கொண்டே சுற்றுவது போல இருந்தது. தப்புக்காரர்களில் ஒருவன் அந்த ரோலர் சத்தத்தைப் பிடித்து, அதன்மேல் மெதுவாக ஓர் அடி வைத்தான்.

"நிறுத்துங்கடா!" என்றார் வாத்தியார். தட்டில் சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "அரிதாரம் இல்லாம, வேசம் கட்டாம, கம்பத்துக்கு முன்னால…"

நான் விடுவேனா? "செவுத்துக்குச் சூடம் காட்டுனீங்களே அண்ணே, அதுக்கு யாரு அரிதாரம் பூசிவிட்டா?"

"அது வேற வீரம்மா. அதுல கொற இல்ல."

"கொற இல்லாதவ எதுக்குங்க மடியேந்துறா? புருசன் எரிஞ்சுபோயிட்டான்னுதான அவ நிக்கிறா? அவகிட்டயா கொறையில்லாத ஒடம்பு கேக்குறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார்.  சூடம் தட்டில் அணைந்துபோனது. அவர் மறுபடி கொளுத்தவில்லை. தட்டைக் கம்பத்தடியில் வைத்துவிட்டு, மாயாண்டி ஆடி முடிக்கும்வரை இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். அவன் முடித்து மூச்சு வாங்கியபோது, சுவரோரம் மடித்து வைத்த சிவப்புச் சேலையை எடுத்து உதறினார்.

"நாளையிலருந்து வெரதம் இரு" என்றார். "சாயிற எடத்துல நேரா நிக்கப் பாக்காத. அப்படியே வுடு."

சேலையை அவன் கையில் கொடுத்தார். வலது கையில்தான் கொடுத்தார். எதற்குச் சொல்கிறேன் என்றால், அவர் பிடிவாதக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை.

சிவதர்சினி சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். கண் கலங்கியிருந்தது. "நான் அண்ணைக்கு ஒரு நல்லது செய்தன் எண்டெல்லோ நினைச்சனான் அம்மா" என்றாள்.

"செஞ்சதான். நீயி வெளிச்சத்தக் கொண்டுவராட்டி அவன் எதுக்கு முன்னால வந்து நிப்பான்?" என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. அந்தச் சுவரில் முழு உடம்பு ஒன்று வந்து நின்றதால்தான், தன் உடம்பு எது என்று அவனுக்கு ரோசம் வந்தது. அவனை மெசினோடு சேர்த்துப் பார்க்காமல் வெறும் கையை மட்டும் பார்த்தவர்கள் நாங்கள். அவள் காலிலிருந்து பார்த்தாள்.

கொழும்பில் அவள் என்ன காட்டினாள் என்று நான் பார்க்கவில்லை. திருப்பி ஒட்டினதை எடுத்துவிட்டு, அன்று சுவரில் விழுந்த நிழலைத்தான் போட்டதாகப் பிறகு வந்து சொன்னாள். ஜனங்கள் நின்று பார்த்தார்களாம். சரி, பார்க்கட்டும்.

மாயாண்டி றொசல்லைக்குப் போகவில்லை. மதன் எரிந்த அன்று சிவப்புச் சேலை கட்டி, அரிதாரம் பூசி, சாம்பலைச் சுற்றினான். மிஞ்சிய இரண்டு விரலால் முந்தானையைப் பிடித்து மடியேந்தினான். அதில் ஒன்றும் நிற்காது என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகும் பல மாசிகள் ஆடிவிட்டான். இப்போது முழங்கால் வலிக்கிறது என்கிறான். ஆனாலும் ஓரிடத்தில் நிற்கிறானா என்றால், இல்லை.

அந்த மாசியில் மருமகன் வரவில்லையே என்று பயந்து, றொசல்லை மாமியார் ரயில் ஏறி இங்கே வந்துவிட்டாள். எரிந்தவனை எழுப்பி, எல்லாம் நல்லபடியாக முடிந்த மறுநாள் மத்தியானம், நாகலெட்சுமி அடுப்படியிலிருந்து அவனைக் கேட்டாள்:

"ரொட்டி சுடவா?"

"வேணா. சோறு போடு."

அவள் மாவைப் பிசைந்தபடியே என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். போட்டாள். அவன் தட்டோடு வந்து எங்களைப் பார்த்து உட்கார்ந்தான். சிந்திச் சிந்தித்தான் தின்றான். மாமியார்க்காரி கோழிகளைக் கூப்பிட்டுக் கீழே சிந்தினதைக் காட்டினாள். அவனும் அவற்றுக்கு ஒரு கவளம் அள்ளிப் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.